புதுப் பிராசசர் மீது பழி போடும் வழக்கம்

பிராசசரை மாற்றிய பிறகு ஒரு மேசைக் கணினி தானாக நின்றுபோனாலோ, நீலத் திரை காட்டினாலோ, வீடியோ எடிட்டிங் பாதியில் இருக்கும்போது மூடிக்கொண்டாலோ, "புதுப் பிராசசர் கெட்டது" என்பதுதான் நம் ஊர்களில் உடனே சொல்லப்படும் தீர்ப்பு. கெடாவின் சுங்கைப்பட்டாணியில் கேட்டாலும் கூலிமில் கேட்டாலும், பீடோங் பக்கத்துக் கல்லூரி மாணவர்களின் வாட்சாப் குழுவில் கேட்டாலும் பதில் பெரிதாக மாறாது: "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு. பிராசசர மாத்தினீங்க. இன்னிக்கு ஓடல. வேற என்ன காரணம் இருக்க முடியும்?" கேட்பவருக்கும் இது நியாயமாகவே படுகிறது. போதாக்குறைக்கு 2024இல் இண்டெல் நிறுவனமே தன் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்களில் கோளாறு இருப்பதை ஒப்புக்கொண்டதும், இந்தத் தீர்ப்புக்கு உலக அளவில் ஒரு சான்றிதழ் கிடைத்தது போலாகிவிட்டது. பிராசசர் கெட்டுப்போவதே இல்லை என்று யாரும் வாதிட முடியாது. ஆனால் சோதனையே இல்லாமல் முதல் குற்றவாளியாக அதை நிறுத்தும் பழக்கம் தவறு என்பதையும், இண்டெல் விவகாரம் அந்தப் பழக்கத்தை ஆதரிக்கவில்லை, உடைத்துப் போடுகிறது என்பதையும் ஆதாரத்தோடு சொல்ல முடியும்.

மருமகள் வீட்டுக்கு வந்த மாதம் மாடு செத்தால் "வந்தவ ராசி" என்று சொன்ன மாமியார்களை இன்று நாம் கேலி செய்கிறோம். கணினி விஷயத்தில் அதே நியாயத்தைத்தான் கையில் வைத்திருக்கிறோம். கடைசியாக வந்தது எதுவோ அதன் தலையில் பழி. இந்த நியாயம் செல்ல வேண்டுமானால், மாறியது அந்த ஒன்று மட்டுமே என்றிருக்க வேண்டும். பிராசசர் மாற்றத்தில் அது ஒருபோதும் நடப்பதில்லை. ரேமோடு பேசும் கட்டுப்பாட்டுப் பகுதி ஒரு காலத்தில் மதர்போர்டில் தனிச் சில்லாக இருந்தது. ஏஎம்டி 2003இலும் இண்டெல் 2008இலும் அதைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. ஆகவே பிராசசரை மாற்றும்போது ரேமை ஓட்டும் உறுப்பையும் சேர்த்தே மாற்றுகிறோம். பழைய ரேம் புதிய உறுப்போடு பழைய வேகத்தில் ஒத்துப்போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மின்சாரத் தேவையும் மாறுகிறது. மதர்போர்டு எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும் என்று பிராசசர் கேட்கும் முறை மாறுகிறது. அதைப் புரிந்துகொள்ள வேண்டிய, மதர்போர்டின் அடிப்படை நிரலான பயோஸ் பழைய பதிப்பாகவே இருக்கிறது. கூலர் கழற்றப்பட்டு, பழைய தெர்மல் பேஸ்ட் துடைக்கப்பட்டு, புதிதாகப் பூசப்பட்டு, நான்கு மூலைத் திருகுகளும் மறுபடி முறுக்கப்பட்டிருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு பொருள் மாறியிருக்கிறது. உள்ளே குறைந்தது ஐந்து விஷயங்கள் மாறியிருக்கின்றன. ஐந்தில் நான்கைப் பார்க்காமலே ஐந்தாவதைத் தண்டிப்பதைத்தான் நாம் பழுது பார்ப்பது என்று அழைக்கிறோம்.

நம் ஊரில் நடக்கும் ஒரு மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் கொண்ட பழைய மதர்போர்டில் ரைசன் 5 1600 இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, இணையத்தில் வாங்கிய ரைசன் 9 5900எக்ஸைப் பொருத்துகிறார்கள். சாக்கெட் ஒன்றே, ஆகவே உட்கார்ந்துவிடும். ஆனால் 1600க்கு ஏஎம்டி வகுத்த மின்சார உச்ச வரம்பு 88 வாட். 5900எக்ஸுக்கு 142 வாட். பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் போர்டுப் பகுதியில் வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடுகூட இல்லாத மலிவான போர்டு, கூடுதல் 54 வாட்டை மணிக்கணக்கில் தாங்குமா என்பது யாரும் கேட்காத கேள்வி. ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில் வெளிவந்தது. முதல் தலைமுறை 300 வரிசைப் போர்டுகளுக்கு அதற்கான அதிகாரபூர்வப் பயோஸ் ஆதரவு 2022இல்தான் வந்தது. அந்தப் பயோஸ் ஏற்றப்பட்டதா, அதற்குப் பிறகு வந்த திருத்தங்கள் ஏற்றப்பட்டனவா என்பது இரண்டாவது கேள்வி. ஏஎம்டி அந்தப் பிராசசருக்கு அறிவித்த ரேம் வேகம் 3200. வீட்டில் ஏற்கெனவே இருந்த இரண்டு துண்டோடு வேறு பிராண்டில் இரண்டு துண்டு சேர்த்து, நான்கையும் 3600இல் ஓட்டினால், அது பிராசசரின் கோளாறா, உரிமையாளரின் ஆசையா என்பது மூன்றாவது கேள்வி. இவற்றில் ஒன்றுக்காவது பதில் தெரியாமல் "சிப்பு போச்சு" என்று சொல்கிறவர் ஆய்வு செய்யவில்லை, ஆரூடம் சொல்கிறார்.

இதற்கு எதிராக வரும் வலுவான வாதம் ஒன்று உண்டு. "பழைய பிராசசரைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். கணினி கல்லுப் போல ஓடுகிறது. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?" இது கேட்பதற்கு அறிவியல் சோதனை போலவே இருக்கிறது. ஆனால் பழைய பிராசசர் திரும்ப வரும்போது பழைய 88 வாட் சுமையும் திரும்ப வருகிறது. பலவீனமான போர்டும் பத்து வருடப் பவர் சப்ளையும் பழைய சுமையைத் தாங்கும். அவை அன்றும் தாங்கிக்கொண்டுதான் இருந்தன. பழைய ரேம் கட்டுப்பாட்டுப் பகுதியும் கூடவே வருகிறது. இன்னொன்றும் நடக்கிறது. பிராசசர் மாறியதைக் கண்டுகொண்ட பல மதர்போர்டுகள் பயோஸ் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குத் தள்ளிவிடும். ரேமின் வேகத்தை உயர்த்தும் எக்ஸ்எம்பி அமைப்பும் அதோடு அணைந்துவிடும். ஆகவே பழைய பிராசசரோடு கணினி நன்றாக ஓடுவது, பழைய பிராசசரோடு கணினி நன்றாக ஓடும் என்பதை மட்டுமே நிரூபிக்கிறது. புதுப் பிராசசர் மீது குற்றம் சாட்ட வேண்டுமானால் சோதனை எதிர்த் திசையில் நடக்க வேண்டும். அதே பிராசசரை, அதற்குத் தகுதியான வேறொரு போர்டில், அந்தப் போர்டின் புதிய பயோஸோடு, நிறுவனம் அறிவித்த ரேம் வேகத்தில் போட்டு, அங்கும் அதே கோளாறு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கும் வந்தால் குற்றம் உறுதி. இந்தச் சோதனையைச் செய்த பிறகு பிராசசரைக் கெட்டது என்று சொல்கிறவரோடு யாருக்கும் சண்டை இல்லை.

இனி இண்டெல் விவகாரத்துக்கு வருவோம். கோர் ஐ9 13900கே 2022 அக்டோபரிலும் 14900கே அடுத்த ஆண்டு அக்டோபரிலும் வந்தன. சில மாதங்களில் உலகெங்கும் ஒரு புகார் பரவியது. குறிப்பிட்ட சில விளையாட்டுகளைத் திறக்கும்போது "வீடியோ நினைவகம் போதவில்லை" என்று ஒரு செய்தி வந்து விளையாட்டு மூடிக்கொண்டது. கிராபிக்ஸ் கார்டில் தாராளமாக நினைவகம் இருந்தும் இப்படி வந்ததால், பலர் முதலில் கார்டைத்தான் குறை சொன்னார்கள். என்விடியா நிறுவனம் பயனர்களை இண்டெல் பக்கம் திருப்பிவிட வேண்டியிருந்தது. செய்தியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பினால் குற்றமற்ற கார்டு தண்டிக்கப்பட்டிருக்கும் என்பது முதல் பாடம். 2024 ஏப்ரலில் இண்டெல், பல மதர்போர்டுகள் தொழிற்சாலையிலிருந்தே மின்சார, மின்னோட்டப் பாதுகாப்பு வரம்புகளைத் தளர்த்தி வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. 253 வாட் என்று எழுதப்பட்ட உச்ச வரம்பு பல போர்டுகளில் வரம்பே இல்லாமல் திறந்துவிடப்பட்டிருந்தது. ஜூலையில், பிராசசருக்குள் இருக்கும் மைக்ரோகோட் என்ற நிரல் தவறாக அதிக வோல்ட்டைக் கேட்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோட் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. செப்டம்பரில் 0எக்ஸ்12பி வந்தது. உயர்ந்த வோல்ட்டும் வெப்பமும் சேர்ந்து பிராசசரின் கடிகாரத் துடிப்பைப் பரப்பும் சுற்றுப்பகுதியைக் காலத்துக்கு முன்பே முதுமையடையச் செய்கின்றன என்ற மூலகாரணமும் அப்போது வெளியானது.

இதைக் கவனமாக வாசிக்கும் யாருக்கும் ஒன்று புலப்படும். கெட்டுப்போன பிராசசர்கள் கடைக்கு வரும்போது கெட்டு வரவில்லை. பல மாதங்கள் தவறான வோல்ட்டில் ஓடித்தான் கெட்டன. போர்டின் அமைப்பும் பழைய மைக்ரோகோடும் அதில் பங்கு வகித்தன. மைக்ரோகோட் திருத்தம் பயோஸ் வழியாகவே வந்தது. ஆகவே பயோஸைத் தொடாமல் "சிப்பை மாற்று" என்று சொன்னவர், வாடிக்கையாளரின் கையில் கொடுத்தது அடுத்து கெடப்போகும் சிப்பு. பிராசசர்தான் குற்றவாளி என்று நூற்றுக்கு நூறு சரியாகச் சொன்ன இடத்திலேயே, அவர் பரிந்துரைத்த தீர்வு தவறாகிப்போகிறது. இங்கே ஒரு நேர்மையான மறுப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். தொடக்கக்கால 13ஆம் தலைமுறைச் சில்லுகள் சிலவற்றில் உற்பத்தியிலேயே ஆக்சிஜனேற்றக் குறை இருந்ததையும் இண்டெல் ஒப்புக்கொண்டது. அது பின்னர் சரிசெய்யப்பட்டது. ஏற்கெனவே முதுமையடைந்துவிட்ட பிராசசரை எந்த மைக்ரோகோடும் இளமையாக்காது என்பதும் உண்மை. அப்படிப்பட்டதை மாற்றத்தான் வேண்டும். அதற்காகத்தான் இண்டெல் பெட்டியோடு விற்ற பிராசசர்களின் உத்தரவாதத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியது. ஆனால் மாற்றுவதற்கு முன்பா பின்பா பயோஸ் ஏற்றுவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இண்டெல் ஒரு விதிவிலக்கு என்று நினைக்கிறவர்கள் அதற்கு முந்தைய ஆண்டைப் பார்க்கலாம். 2023 ஏப்ரலில் ஏஎம்டியின் ரைசன் 7000எக்ஸ்3டி வரிசைப் பிராசசர்கள் சில கருகிப்போன படங்கள் வெளியாயின. பிராசசரின் அடிப்பாகமும் சாக்கெட்டின் ஊசிகளும் சேர்ந்தே எரிந்திருந்தன. ரேமின் வேகத்தை உயர்த்தும் எக்ஸ்போ அமைப்பை இயக்கும்போது சில போர்டுகள் பிராசசரின் ஒரு பகுதிக்கு அளவுக்கு மீறிய வோல்ட்டைக் கொடுத்தன. ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தச் சொல்லி, போர்டு நிறுவனங்கள் புதிய பயோஸ் வெளியிட்டன. எரிந்தது பிராசசர்தான். எரித்தது அமைப்பு. இரண்டு நிறுவனம், இரண்டு ஆண்டு, ஒரே கதை. பிராசசர் தனித்து இயங்கும் பொருள் என்ற கற்பனையை இந்த இரண்டு நிகழ்வுகளும் முடித்துவைக்கின்றன. இன்றைய பிராசசர் நொடிக்கு நொடி போர்டிடம் வோல்ட் கேட்டு வாங்குகிறது. கேட்டதும் தவறாகலாம், கொடுத்ததும் தவறாகலாம்.

பிராசசர் உண்மையிலேயே பிறவிக் குறையோடு வந்த புகழ்பெற்ற வழக்கு ஒன்றும் உண்டு. அதுவும் நம் ஊர்ப் பழக்கத்துக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லவில்லை. 1994இல் அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழ் மதிப்புகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஜூன் மாதத்தில் விடைகள் இடித்தன. அவர் அண்மையில்தான் பென்டியம் கணினியைச் சேர்த்திருந்தார். நம் நியாயப்படி அன்றே பென்டியத்தைக் குற்றவாளி என்று முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தன் நிரலைச் சரிபார்த்தார், கம்பைலரைச் சரிபார்த்தார், மதர்போர்டின் சில்லுகளைச் சந்தேகித்துப் பார்த்தார், பழைய 486 கணினியில் அதே கணக்கைப் போட்டு ஒப்பிட்டார், வேறு பென்டியங்களிலும் போட்டுப் பார்த்தார். எல்லாம் கழிந்து பிராசசரின் வகுத்தல் பகுதி மட்டும் எஞ்சியபோதுதான், அக்டோபர் இறுதியில் வெளியே சொன்னார். அவர் சொன்னதை யாராலும் மறுக்க முடியாமல் போனதற்குக் காரணம் அந்த நான்கு மாதப் பொறுமை. டிசம்பரில் இண்டெல் கேட்டவர்களுக்கெல்லாம் பிராசசரை மாற்றித் தர ஒப்புக்கொண்டது, அதற்காக 47.5 கோடி டாலர் செலவைக் கணக்கில் ஏற்றியது. பிராசசர்க் கோளாறு என்று உலகையே நம்பவைத்தவர், பிராசசரைக் கடைசியாகச் சந்தேகித்தவர். நம் கடைக்காரருக்கு நான்கு மாதம் வேண்டாம். ஒரு பிற்பகல் போதும்.

இப்படிப் படிப்படியாகச் சோதிக்கும் முறை நமக்குத் தொலைவில் உள்ளதும் அன்று. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் இண்டெல்லுக்கு ஆலை இருக்கிறது. பெரிய வட்டத் தகடுகளாக வரும் சிலிக்கானைச் சோதித்து, வெட்டி, நல்லதைக் கெட்டதிலிருந்து பிரிக்கும் வேலை அங்கே நடக்கிறது. ஆஸ்திரியாவின் ஏடி அண்டு எஸ் நிறுவனம் 2024 ஜனவரியில் திறந்த ஆலையும் அதே பூங்காவில்தான் இருக்கிறது. பிராசசர்ச் சில்லுகள் உட்காரும் அடித்தட்டுகளைச் செய்யும் ஆலை அது. ரப்பர் தோட்டங்களிலிருந்து தாமான் வீடுகளுக்கு இடம்பெயர்ந்த நம் குடும்பங்களின் அடுத்த தலைமுறைக்கு இத்தகைய ஆலைகளில் வேலை என்பது இன்று சாதாரணம். அந்த ஆலைகளில் ஒரு சில்லை யாரும் கண்ணால் பார்த்து ஒதுக்குவதில்லை. தகட்டில் இருக்கும்போதே ஒரு சோதனை, அடித்தட்டில் ஒட்டிய பின் வெவ்வேறு வெப்பத்திலும் வோல்ட்டிலும் ஒரு சோதனை, கடைசியில் கணினி போன்ற அமைப்பில் ஓட்டிப் பார்க்கும் சோதனை என்று படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பதிவு உண்டு. அத்தனை படிகளைக் கடந்து வந்த பொருளை, சில கிலோமீட்டர் தள்ளி ஒரு கடையில், ஒரு படிகூட இல்லாமல் நிராகரிக்கிறோம். கூலிமின் பகல் வேலைக்கு இருக்கும் ஒழுங்கு, கூலிமின் மாலைக் கடைக்கு ஏன் இல்லை என்று கேட்பதில் தவறில்லை.

கடைக்காரர்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. "மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் வேகமான சோதனை. மணிக்கணக்கில் உட்கார்ந்தால் யார் சம்பளம் கொடுப்பது?" மாற்றிப் பார்ப்பது தவறே இல்லை, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் அதுவே சிறந்த சோதனை. ஆனால் அதற்கு முன்பு, ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் செய்யக்கூடியவை நான்கு இருக்கின்றன. பயோஸைப் புதுப்பித்துத் தொடக்க அமைப்புக்குக் கொண்டுவருவது. ரேமை அதன் அடிப்படை வேகத்தில் விடுவது. மெம்டெஸ்ட்86+ போன்ற நிரலைப் பென்டிரைவிலிருந்து ஓட்டுவது. வின்டோஸின் ஈவண்ட் வியூவர் பதிவைத் திறந்து பார்ப்பது. நான்காவதைச் சற்று அருகில் பார்ப்போம். கணினி திடீரென்று அணைந்தால் அங்கே கெர்னல்-பவர் 41 என்று ஒரு வரி பதிவாகும். அதைக் கண்டதும் பலர் பவர் சப்ளை போய்விட்டது என்கிறார்கள். அந்த வரி சொல்வது, முறையாக மூடப்படாமல் கணினி நின்றது என்பதை மட்டும்தான். ஏன் என்பது அதில் இல்லை. ஆனால் அதன் அருகில் வீயா-லாகர் என்ற பெயரில் 18 அல்லது 19 என்ற எண்ணோடு வரிகள் இருந்தால், அவை வன்பொருள் தானே எழுப்பிய புகார்கள். அந்த வரியைத் திறந்தால் ஏபிஐசி ஐடி என்று பிராசசர் கோரைச் சுட்டும் எண் இருக்கும். தொடக்க அமைப்பிலும் அதே ஒரு எண் மறுபடி மறுபடி வந்தால், அந்தக் கோர் சந்தேகத்துக்குரியது. பிராசசரைக் குற்றம் சாட்ட அது ஒரு நல்ல சாட்சி. எண்கள் சிதறி வந்தால், அல்லது ரேம் வேகத்தைக் குறைத்ததும் புகார் நின்றுபோனால், வேறு திசையில் தேட வேண்டும். இந்த வேலைக்கு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. மெம்டெஸ்ட் தானாக ஓடும். கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கலாம். மாறாக, பிராசசரைக் கழற்றுவது ஒவ்வொரு முறையும் ஆபத்தானது. ஏஎம்4இல் ஊசிகள் பிராசசரிலேயே இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் கூலரோடு ஒட்டிக்கொண்டு பிராசசரைப் பிடுங்கி எடுத்துவிடும். இண்டெல்லில் ஊசிகள் போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் ஒரு வரிசை ரேம் காணாமல் போகலாம். வேகம் என்று நினைத்துச் செய்தது இரண்டாவது கோளாறைப் பெற்றெடுக்கிறது.

இன்னும் மூன்று பதில்கள் அடிக்கடி கேட்கப்படுகின்றன. அவற்றுக்கு நீண்ட மறுப்பு தேவையில்லை. "ஃபார்மட் பண்ணினால் சரியாகிவிடும்" என்பது ஒன்று. வின்டோஸே இல்லாமல் ஓடும் மெம்டெஸ்ட் பிழை காட்டினால், வின்டோஸை எத்தனை முறை அழித்து ஏற்றினாலும் பயன் இல்லை. மாணவரின் பாடக் கோப்புகள் அழிவதுதான் மிச்சம். "தோட்டத்துக் கரண்ட் சரியில்லை" என்பது இரண்டாவது. நம் நாட்டின் 230 வோல்ட் மின்சாரத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 216 முதல் 253 வரை. தரமான பவர் சப்ளைகள் அந்த எல்லைக்குள் தடுமாறக் கூடாது. இடிமின்னல் கெடாவில் உண்மையான எதிரி. எர்த் இல்லாத நீட்டிப்பு வயரும் அப்படியே. ஆனால் பழைய பிராசசரோடு அதே சுவரில் பல ஆண்டு ஓடிய கணினிக்குச் சுவர் மாறவில்லை, சுமைதான் மாறியது. "வெயில் காரணம்" என்பது மூன்றாவது. துத்தநாகக் கூரை வீட்டின் மதிய வெப்பம் கூலரின் வேலையைக் கடினமாக்கும் என்பது சரி. இன்றைய பிராசசர்கள் சூடு உச்சத்தைத் தொட்டால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உடனே விழாது. மெதுவாக ஓடுகிறது என்றால் கூலரையும் பேஸ்ட்டையும் பாருங்கள். சட்டென்று விழுகிறது என்றால் மின்சாரம், ரேம், வோல்ட் என்ற வரிசையில் தேடுங்கள்.

"வேகத்துக்காகத்தான் காசு கொடுத்தேன், நீங்கள் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறீர்கள்" என்ற கோபமும் புரிந்துகொள்ளக்கூடியது. அடிப்படை வேகத்தில் ஓட்டுவது நிரந்தர ஏற்பாடு அன்று. அது நிலையாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி. அங்கே நின்றால், எக்ஸ்எம்பியை இயக்குங்கள். நின்றால் அடுத்ததை உயர்த்துங்கள். எந்தப் படியில் விழுகிறதோ அங்கே காரணம் இருக்கிறது. ரேம் பெட்டியின் மேல் அச்சிட்ட வேகம் ரேம் நிறுவனத்தின் வாக்குறுதி. பிராசசர் நிறுவனம் அந்த வாக்குறுதியைக் கொடுக்கவில்லை. எக்ஸ்எம்பியைத் தன் அறிவிக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட ஓட்டமாகவே இண்டெல் கருதுகிறது. ஒருவர் கொடுக்காத வாக்கை மீறினார் என்று அவரைக் குற்றம் சாட்ட முடியாது.

இந்தப் பழக்கத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும். ஒரு நடுத்தரப் பிராசசருக்குப் பல நூறு வெள்ளி ஆகிறது. தோட்டத்தில் சம்பளம் வாங்கும் பெற்றோர் பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளைக்காகச் சேர்த்த பணம் அது. அவர்களுக்கு "சிப்பு போச்சு" என்ற ஒரு வார்த்தை இன்னொரு மாதச் சேமிப்பு. நல்ல பிராசசர் பாதி விலைக்குக் கைமாறுகிறது. பலவீனமான போர்டு அதே இடத்தில் இருந்து அடுத்ததையும் வாட்டுகிறது. உண்மையிலேயே கெட்ட பிராசசர் கிடைத்தவருக்கும் இந்தப் பழக்கம் உதவவில்லை. உத்தரவாதம் கேட்கும்போது விற்பனையாளர் முதலில் கேட்பது பயோஸ் பதிப்பு என்ன, ஓவர்கிளாக் செய்தீர்களா, வேறு போர்டில் பார்த்தீர்களா என்பதுதான். பதில் இல்லாதவரின் நியாயமான கோரிக்கையும் தள்ளுபடியாகிறது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இன் கீழ் இயங்கும் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டணத்தில் வழக்குத் தொடுக்கலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. ஆனால் அங்கும் பேசுவது ஆதாரம்தான். தேதியோடு எழுதிய சோதனைக் குறிப்பு ஒரு பக்கம் இருந்தால் போதும், வாடிக்கையாளரின் குரலுக்கு எடை வந்துவிடும்.

ஆகவே அடுத்த முறை புதுப் பிராசசரைக் கெட்டது என்று யாராவது சொன்னால், அவர் கடைக்காரராக இருந்தாலும் அனுபவசாலி நண்பராக இருந்தாலும், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பயோஸ் எந்தப் பதிப்பில் இருக்கிறது? ரேமை அடிப்படை வேகத்தில் சோதித்தீர்களா? ஈவண்ட் பதிவில் என்ன இருந்தது? இதே பிராசசர் வேறொரு தகுந்த போர்டிலும் விழுந்ததா? நான்குக்கும் பதில் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள், உத்தரவாதத்தைக் கோருங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் இன்னொரு பிராசசருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.